எட்டாக்கனியா ஐஐஎம் பேராசிரியர் நாற்காலி?

அண்ணல் அம்பேத்கரைச் சட்டமேதையாக நாம் அறிவோம். ஒரு கையில் அரசமைப்புச் சட்டப் புத்தகம், மறுகையின் சுட்டுவிரல் நீண்டபடி, அவருடைய சிலை நம் ஊர்களின் முகப்பில் நிற்கிறது. பல ஊர்களில் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறது. ஆனால், வழக்கறிஞராவதற்கு முன்பே அவர் ஒரு வணிகவியல் கல்லூரியின் பேராசிரியராக இருந்தார் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராக அவர் பணியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 27. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துத் திரும்பியிருந்தவர். தீண்டத்தகாதவர் என்ன பாடம் நடத்திவிடப் போகிறார் என்று தொடக்கத்தில் அலட்சியமாக இருந்த மாணவர்கள், சில நாளிலேயே அவருடைய வகுப்பில் மெய்மறந்து உட்கார்ந்தார்கள். பிற கல்லூரி மாணவர்களும் அனுமதி கேட்டு வந்து உட்கார்ந்தார்கள். அதே கல்லூரியின் ஆசிரியர் அறையில், பேராசிரியர்களுக்கு வைத்திருந்த பானையிலிருந்து அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று உடன் பணியாற்றிய சிலர் ஆட்சேபம் தெரிவித்தார்கள். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்சய் கீர் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. பானை போய் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் வந்துவிட்டது. வணிகம் கற்பிக்கும் கல்லூரிகள் வளர்ந்து, நாட்டின் மிகப் பெரிய மேலாண்மைக் கல்வி நிறுவனங்களாக நிற்கின்றன. அவற்றின் ஆசிரியர் அறையில் நம்மவர் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இந்த வாரம் நாம் பேச வேண்டிய கேள்வி அதுதான்.

நம் பக்கத்திலேயே இருக்கிறது

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில் சூரியூர் இருக்கிறது. ஜல்லிக்கட்டால் பெயர் பெற்ற ஊர். அந்தப் பக்கம் பேருந்தில் போகிறவர்கள், பெரிய சுற்றுச்சுவரும் நுழைவாயிலுமாக ஒரு வளாகத்தைப் பார்த்திருப்பார்கள். அதுதான் இந்திய மேலாண்மை நிறுவனம், சுருக்கமாக ஐஐஎம், திருச்சி. 2011-ல் தொடங்கப்பட்டது. முதலில் திருச்சி என்ஐடி வளாகத்தில் இயங்கி, பிறகு சூரியூருக்கு வந்தது.

நாட்டின் முதல் ஐஐஎம்கள் 1961-ல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தொடங்கப்பட்டன. 1973-ல் பெங்களூரு வந்தது. இன்று நாடு முழுவதும் 20-க்கும் மேற்பட்ட ஐஐஎம்கள் இருக்கின்றன. ‘கேட்’ என்னும் நுழைவுத் தேர்வெழுதி, நேர்முகத் தேர்வில் தேறினால், இரண்டு ஆண்டு எம்பிஏ முதுகலைப் படிப்பில் சேரலாம். படித்து முடிப்பவர்கள் பெரிய நிறுவனங்களில் மேலாளர்களாகப் போகிறார்கள். யாரை வேலைக்கு எடுப்பது, எங்கே ஆலை வைப்பது, யாருக்குக் கடன் கொடுப்பது என்று முடிவெடுக்கும் இடங்களுக்குப் போகிறார்கள். இவை மக்கள் வரிப்பணத்தில் எழுப்பப்பட்ட மத்திய அரசுக் கல்வி நிறுவனங்கள். நாம் கடையில் வாங்கும் சோப்புக்கும் கொடுக்கிற வரி அதில் சேர்ந்திருக்கிறது.

மாணவர் சேர்க்கையில் இங்கே இடஒதுக்கீடு உண்டு. பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு, 2006-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு. எனவே வகுப்பறையின் மாணவர் வரிசையில் நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் பார்த்தால் தம்மைப் போல ஓரிருவராவது தெரிகிறார்கள். நிமிர்ந்து மேடையைப் பார்த்தால்?

எண்கள் சொல்வது

2018-ல், 13 ஐஐஎம்களைப் பற்றி மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்தின் கணக்கு ஒன்று செய்தியாக வெளிவந்தது. அங்கே பணியாற்றிய ஆசிரியர்கள் 642 பேர். அவர்களில் பட்டியல் சாதியினர் 4 பேர். பழங்குடியினர் ஒருவர். இதர பிற்படுத்தப்பட்டோர் 17 பேர்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 642-ல் 15 விழுக்காடு என்றால் 96 பேர். 7.5 விழுக்காடு என்றால் 48 பேர். 144 பேர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது 5 பேர். பிற்படுத்தப்பட்டோர் 173 பேர் இருந்திருக்க வேண்டும். இருந்தது 17 பேர். எனவே இது தலித்துகளுக்கு மட்டுமான சிக்கல் என்று நினைத்துப் பக்கத்துத் தெரு ஒதுங்கிக்கொள்ள முடியாது. நாட்டின் பெரும்பான்மை மக்களே அந்த ஆசிரியர் அறைக்கு வெளியில்தான் நிற்கிறார்கள்.

அதற்குப் பிறகு மாறிவிட்டதா? 2024-ல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெறப்பட்ட விவரங்கள் பத்திரிகைகளில் வந்தன. இந்தூர் ஐஐஎம்மில் இருந்த 109 ஆசிரியர்களில் 106 பேர் பொதுப்பிரிவினர். பட்டியல் சாதியினர் ஒருவர்கூட இல்லை. பழங்குடியினரும் இல்லை.

இந்தப் பணி எப்படிப்பட்டது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழாவது ஊதியக் குழுவின்படி ஐஐஎம்மில் முதல்நிலை உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 1,01,500 ரூபாய். பேராசிரியருக்கு 1,59,100 ரூபாய். குடியிருப்பு, ஆராய்ச்சிக்கு நிதி, வெளிநாட்டு மாநாடு என்று மற்றவை தனி. நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் அந்த வேலைக்குப் போனால் அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை மாறும். ஆனால், சம்பளத்தைவிடப் பெரிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

1975-ம் ஆண்டுக் காகிதம்

மத்திய அரசுப் பணிகளில் இடஒதுக்கீடு இருக்கும்போது ஐஐஎம் ஆசிரியர் பணியில் மட்டும் அது எப்படி இல்லாமல் போனது? நீண்ட காலம் இதற்குக் காட்டப்பட்ட ஆதாரம் மத்தியப் பணியாளர் துறையின் 1975-ம் ஆண்டு ஆணை. ‘அறிவியல், தொழில்நுட்பப் பணியிடங்கள்’ சிலவற்றுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு அளித்த ஆணை அது. ஐஐஎம் ஆசிரியர் பணியும் அந்த வகையில் சேர்ந்ததுதான் என்று அதற்குப் பொருள் கொண்டார்கள்.

சோப்பை எப்படி விற்பது, கணக்கை எப்படிப் படிப்பது, தொழிலாளரை எப்படி நடத்துவது என்று கற்பிப்பதற்கும் விண்வெளி ஆராய்ச்சிக்கும் என்ன உறவு? நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஒற்றைக் காகிதம், ஒரு தலைமுறைப் பட்டதாரிகளின் வழியை மறித்து நின்றது. பெருஞ்சுவர் எதுவும் தேவைப்படவில்லை. ஓர் ஆணையும், அதற்குச் சொல்லப்பட்ட பொருளும் போதுமாக இருந்தன.

இந்த நிலையை மாற்றியது 2019-ம் ஆண்டுச் சட்டம். மத்தியக் கல்வி நிறுவனங்கள் (ஆசிரியர் பணியில் இடஒதுக்கீடு) சட்டம் என்பது அதன் பெயர். இந்தச் சட்டம் யாரும் தட்டில் வைத்துக் கொடுத்ததல்ல. அது வந்த கதையை நம் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஏழாவது நாற்காலி

2017 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. ஆசிரியர் பணியிடங்களில் இடஒதுக்கீட்டைக் கணக்கிடும்போது பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாகக் கொள்ளக் கூடாது. ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கொள்ள வேண்டும் என்றது. 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழுவும் அப்படியே ஆணை பிறப்பித்தது. கேட்பதற்குச் சாதாரண நிர்வாக விஷயம் போல இருக்கும். விளைவைப் பாருங்கள்.

இடஒதுக்கீட்டுச் சுழற்சி வரிசையில் முதல் மூன்று இடங்கள் பொது. நான்காவது இடம் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு. ஏழாவது இடம் பட்டியல் சாதியினருக்கு. பதினான்காவது இடம் பழங்குடியினருக்கு. ஒரு துறையில் மொத்தமே ஆறு ஆசிரியர்கள் என்றால், பட்டியல் சாதியினரின் முறை முதல் சுற்றில் வரவே வராது. பதின்மூன்று பேர் உள்ள துறையில்கூடப் பழங்குடியினருக்கு இடமில்லை. பந்தியில் ஆறு இலை மட்டும் போட்டுவிட்டு, உனக்கு ஏழாவது இலை என்று சொல்வதைப் போன்றது இது. மாறாக, நிறுவனம் முழுவதையும் சேர்த்து எண்ணினால் 200 இடங்களில் 30 பட்டியல் சாதியினருக்கும், 15 பழங்குடியினருக்கும், 54 பிற்படுத்தப்பட்டோருக்கும் கிடைக்கும்.

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் மத்திய அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். மார்ச் 5 அன்று நாடு தழுவிய பந்த் நடந்தது. இரண்டே நாளில், மார்ச் 7 அன்று, அவசரச் சட்டம் வந்தது. ஜூலையில் நாடாளுமன்றம் அதை நிரந்தரச் சட்டமாக நிறைவேற்றியது. துறை அலகல்ல, நிறுவனமே அலகு என்பது உறுதியானது.

ஐஐஎம்களுக்கு இது மிகவும் முக்கியம். அங்கே நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம், பொருளாதாரம் என்று சிறுசிறு பிரிவுகளாகவே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பிரிவு வாரியாக எண்ணினால் ஏழாவது நாற்காலி நமக்கு எட்டாது. மொத்தமாக எண்ணினால் எட்டும்.

அந்தச் சட்டத்தின் பின்னிணைப்பில் விலக்குப் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஹோமி பாபா தேசிய நிறுவனம் போன்றவை அதில் உள்ளன. ஐஐஎம்கள் அதில் இல்லை. 2019 இறுதியில், சட்டப்படி ஆசிரியர் நியமனம் செய்யுங்கள் என்று அமைச்சகம் ஐஐஎம்களுக்கு எழுதியது. அவர்கள் என்ன செய்தார்கள்? எங்களையும் அந்த விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள் என்று திருப்பி எழுதினார்கள். 2020 ஜனவரியில் இது செய்தியாக வெளிவந்தது.

சட்டத்தில் கோரிக்கை ஏற்கப்படவில்லை. அதன் பிறகு சில ஐஐஎம்கள் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோருக்கெனச் சிறப்பு ஆள்தேர்வு அறிவிப்புகளை வெளியிட்டன. இது வரவேற்கத்தக்க மாற்றம். அறிவிப்பு நியமனமாக மாறுகிறதா என்பதைத்தான் நாம் பின்தொடர வேண்டும்.

நாற்றங்கால் இல்லாமல் நடவா?

‘தகுதியுள்ளவர்கள் கிடைக்கவில்லை.’ இந்த ஒரு வரியை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் தொடங்கிப் பல்கலைக்கழகம் வரை இந்த வரி நம்மோடு கூடவே வருகிறது. ஐஐஎம்களும் இதைத்தான் சொல்கின்றன. இந்த வாதத்தை உணர்ச்சிவசப்படாமல் பிரித்துப் பார்ப்போம்.

ஐஐஎம்மில் ஆசிரியராக வேண்டுமானால் முனைவர் பட்டம் வேண்டும். அதுவும் பேர் பெற்ற நிறுவனத்தில் பெற்றதாக இருந்தால் வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட முனைவர்களை உருவாக்கும் இடங்களில் முதன்மையானவை ஐஐஎம்களே. அகமதாபாத் ஐஐஎம்மில் 1971-லேயே முனைவர் படிப்புக்கு நிகரான ஆய்வுப் படிப்பு தொடங்கிவிட்டது. அதில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இடஒதுக்கீடு தரப்படவில்லை. 2006-ம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகும் தரப்படவில்லை. 2021-ல் குஜராத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடுக்கப்பட்ட பிறகே அசைவு ஏற்பட்டது. 2025-ம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து முனைவர் படிப்பில் இடஒதுக்கீட்டைப் பின்பற்றுவதாக அந்த நிறுவனம் தெரிவித்தது. 1971-க்கும் 2025-க்கும் இடையில் 54 ஆண்டுகள்!

நாற்றங்காலில் நம் விதையை விட மாட்டார்கள். நடவு நேரம் வந்ததும் உங்கள் நாற்றைக் காணோமே என்று கேட்பார்கள். விவசாயக் கூலிகளாக வாழ்ந்த நமக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும். தகுதி வானத்திலிருந்து விழுவதில்லை. அது வளர்த்தெடுக்கப்படுகிறது. யாரை வளர்த்தெடுப்பது என்பதை இதுவரை ஒரு சிலரே முடிவு செய்து வந்தார்கள் என்பதுதான் உண்மை.

யாருடைய கதை பாடமாகிறது?

சம்பளத்தைவிடப் பெரிய செய்தி என்று முன்பு சொன்னோம். மேலாண்மைப் படிப்பில் பாடப்புத்தகத்தை வரிவரியாக நடத்துவதில்லை. ‘கேஸ்’ என்ற முறையைப் பின்பற்றுகிறார்கள். உண்மையில் நடந்த ஒரு தொழில் நிகழ்வைப் பேராசிரியர் நேரில் போய் விசாரித்துக் கதைபோல எழுதுவார். மாணவர்கள் அதைப் படித்து, நீங்கள் அந்த மேலாளராக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று விவாதிப்பார்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் வளர்ந்த முறை இது. ஹார்வர்டின் துணையோடு உருவான அகமதாபாத் ஐஐஎம் வழியாக இங்கே பரவியது.

அப்படியானால் எந்த நிகழ்வு பாடமாகிறது என்பதைப் பேராசிரியரின் கண்தான் தீர்மானிக்கிறது. தோல் பதனிடும் தொழிற்சாலையின் ஏற்றுமதி லாபம் கேஸ் ஆகலாம். அங்கே கழிவுத் தொட்டியில் இறங்கி மூச்சடைத்துச் சாகும் தொழிலாளி கேஸ் ஆகிறாரா? சொந்தமாகக் கடை வைக்கக் கடைத்தெருவில் வாடகைக்கு இடம் கிடைக்காத நம் இளைஞரின் சிக்கல், தொழில்முனைவோர் வகுப்பில் பேசப்படுகிறதா? இவற்றைப் பார்த்தே வளர்ந்தவர் மேடையில் நின்றால் இவை பாடமாகும். இல்லையென்றால் இவை நாட்டில் நடக்காதவையாகவே இருந்துவிடும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று ஐஐஎம் வரலாற்றிலேயே இருக்கிறது. அகமதாபாத் ஐஐஎம்மின் முதல் முழுநேர இயக்குநர் ரவி மத்தாய். நாட்டின் நிதியமைச்சராக இருந்த ஜான் மத்தாயின் மகன். 1965 முதல் 1972 வரை இயக்குநராக இருந்தவர், தாமாகவே பதவியிலிருந்து இறங்கி, அதே நிறுவனத்தில் பேராசிரியராகத் தொடர்ந்தார். 1975-ல் ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் ஜவாஜா என்ற வறண்ட பகுதிக்குப் போனார். அங்கே இருந்த நெசவாளர்களோடும் தோல் தொழிலாளர்களோடும் உட்கார்ந்தார். பெரும்பாலும் பட்டியல் சாதி மக்கள் அவர்கள். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் ஆசிரியர்களையும் சேர்த்துக்கொண்டார். வியாபாரியையும் கடன்காரரையும் நம்பியிருந்த மக்கள், தாங்களே பொருளை வடிவமைத்து, விலை வைத்து, நகரத்தில் விற்கக் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் அமைத்த கைவினைஞர் கூட்டமைப்பின் தோல் பைகளும் கம்பளி விரிப்புகளும் பின்னர் பேர் பெற்றன.

மேலாண்மைக் கல்வி யாருக்காக என்ற கேள்விக்கு ஜவாஜா ஒரு பதில். நல்ல மனம் கொண்ட ஒரு பேராசிரியர் அகமதாபாத்திலிருந்து கிளம்பிப் போனதால் அது நடந்தது. நாம் கேட்பது வேறொன்று. ஜவாஜாவிலிருந்து ஒருவர் அகமதாபாத்துக்குப் பேராசிரியராகப் போவது எப்போது? கருணையால் ஒரு முறை நடந்ததை, உரிமையால் என்றும் நடப்பதாக மாற்றுவதே சமூக நீதி.

ஐஐஎம்மில் படித்து வெளியே போகிறவர்கள் கையில் வேலைவாய்ப்பு இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பும் தகுதியும் ஒன்று. பெயர் மட்டும் வேறு. சில பெயர்கள் உயர்சாதிப் பெயர்கள், சில தலித் பெயர்கள், சில முஸ்லிம் பெயர்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67 மட்டுமே. முஸ்லிம் பெயருக்கு இன்னும் குறைவு, 0.33. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிட்டார்கள்.

2012-ல் வந்த மற்றோர் ஆய்வு, நாட்டின் முன்னணி 1,000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்தது. அவற்றில் ஏறக்குறைய 93 விழுக்காடு முற்பட்ட சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 விழுக்காடு. விண்ணப்பத்தை ஒதுக்கும் மனிதவள மேலாளரும், இயக்குநர் குழுவில் அமர்பவரும் எங்கோ ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து படித்தவர்கள்தாம். நம்மவர் ஒருவரிடம் கற்று, அவரிடம் மதிப்பெண் வாங்கி, அவருடைய அறிவை மதித்து வெளியே வந்த மேலாளருக்கு, ஒரு தலித் பெயரைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஒதுக்கக் கை அவ்வளவு சுலபமாக வராது.

தேடினால் கிடைக்கிறார்கள்

‘தகுதியானவர் கிடைக்கவில்லை’ என்பதை அமெரிக்காவிலும் சொன்னார்கள். அங்குள்ள வணிகக் கல்லூரிகளில் கருப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், பூர்வகுடியினர் ஆகியோர் பேராசிரியர்களாக மிக அரிதாகவே இருந்தார்கள். 1994-ல் கேபிஎம்ஜி என்ற தணிக்கை நிறுவனத்தின் அறக்கட்டளை முன்னின்று, ‘பிஎச்டி புராஜெக்ட்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அப்போது அந்தச் சமூகங்களைச் சேர்ந்த, முனைவர் பட்டம் பெற்ற வணிகக் கல்லூரிப் பேராசிரியர்கள் நாடு முழுவதும் 294 பேர்தாம்.

அவர்கள் செய்தது எளிமையானது. வங்கியிலும் தணிக்கை நிறுவனத்திலும் வேலை பார்த்துக்கொண்டிருந்த திறமைசாலிகளைத் தேடிப் பிடித்தார்கள். பேராசிரியர் ஆவது எப்படி என்று மாநாடு கூட்டி விளக்கினார்கள். முனைவர் படிப்பில் சேர்ந்தவர்கள் இடையில் சோர்ந்து விலகிவிடாமல் இருக்க, பாடவாரியாகச் சங்கம் அமைத்து ஒருவருக்கொருவர் தோள் கொடுக்க வைத்தார்கள். முப்பதாண்டுகளுக்குள் அந்த 294 என்ற எண்ணிக்கை 1,500-ஐத் தாண்டியது. ஆட்கள் முன்பும் இருந்தார்கள். அவர்களைத் தேடத்தான் யாரும் இல்லை.

அந்தக் கதையில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. 2025 மார்ச்சில் அமெரிக்கக் கல்வித் துறை, இந்தத் திட்டத்தோடு தொடர்பு வைத்திருந்ததற்காக 45 பல்கலைக்கழகங்கள்மீது விசாரணையைத் தொடங்கியது. ஒரு சமூகத்துக்குத் தனிச்சலுகை என்பது குற்றச்சாட்டு. பல பல்கலைக்கழகங்கள் உறவைத் துண்டித்துக்கொண்டன. நல்லெண்ணத்தால் வந்த கதவு, ஆட்சி மாறினால் மூடிவிடும். நமக்கு இருப்பது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், அதன் அடியில் அரசமைப்பு தந்த உரிமை. அதனால்தான் சட்டத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

நாம் செய்ய வேண்டியது

முதலில் மாணவர்களுக்கு. ஐஐஎம் என்றால் பொறியியல் படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். முனைவர் படிப்பில் பொருளாதாரம், நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம், தகவல் அமைப்புகள், பொதுக் கொள்கை எனப் பல பிரிவுகள் உண்டு. பொருளாதாரம், வணிகவியல், உளவியல், சமூகவியல், வேளாண்மை என்று முதுகலை முடித்தவர்கள் அவற்றுக்கு விண்ணப்பிக்க முடியும். கேட் தேர்வோ, யுஜிசியின் இளநிலை ஆய்வாளர் தகுதியோ நுழைவுக்கு உதவும். எம்பிஏ படிக்கப் பல ஐஐஎம்களில் 20 லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டணம். முழுநேர முனைவர் படிப்பு அப்படியல்ல. பொதுவாகக் கல்விக் கட்டணம் கிடையாது. மாத உதவித்தொகையும் தருகிறார்கள். இது தெரியாமலேயே எத்தனை பேர் முதுகலையோடு நின்றுபோனார்கள்!

எம்பிஏ படிக்க விரும்புவோரும் கட்டணத்தைக் கேட்டு மலைக்க வேண்டாம். ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் உள்ள பட்டியல் சாதிக் குடும்பத்து மாணவர்களுக்கு, குறிப்பிட்ட உயர்கல்வி நிறுவனங்களில் கல்விக் கட்டணத்தை ஏற்கும் மத்திய அரசின் ‘டாப் கிளாஸ்’ உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. ஐஐஎம்களும் அந்தப் பட்டியலில் உள்ளன.

அடுத்து, படித்து வேலையில் இருக்கும் நம்மவர்களுக்கு. ஊருக்கு வரும்போது கோயில் திருவிழாவுக்கு நன்கொடை தருகிறீர்கள், சந்தோஷம். கூடவே ஒரு மாலை நேரம், நம் தெரு இரவுப் பாடசாலையில் உட்கார்ந்து, கேட் தேர்வு என்றால் என்ன, ஆங்கிலத்தில் ஆய்வு முன்மொழிவு எழுதுவது எப்படி என்று நான்கு பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்குப் பாடம் தடையாக இருப்பதில்லை. பாதை தெரியாததே தடை.

மூன்றாவதாக, இயக்கங்களுக்கும் வாசகர் வட்டங்களுக்கும். ஐஐஎம்கள் பொது நிறுவனங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. ஒரு வெள்ளைத்தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் அஞ்சல் ஆணை இணைத்து அனுப்பலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. கேட்க வேண்டியவை நான்கே கேள்விகள்.

அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, அவை பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், பொதுப்பிரிவு என எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளன? ஒவ்வொரு பிரிவிலும் இன்று பணியில் இருப்போர் எத்தனை பேர்? 2019-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு பிரிவிலும் விண்ணப்பித்தவர், நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டவர், நியமிக்கப்பட்டவர் எத்தனை பேர்? முனைவர் படிப்பில் ஆண்டுவாரியாகச் சேர்ந்தவர்களின் பிரிவு விவரம் என்ன?

மூன்றாவது கேள்வி மிக முக்கியம். விண்ணப்பமே வரவில்லையா, வந்தும் அழைக்கவில்லையா, அழைத்தும் எடுக்கவில்லையா என்பதை அது காட்டிக் கொடுத்துவிடும். ‘கிடைக்கவில்லை’ என்ற சொல் அதன்பிறகு மறைந்துகொள்ள இடமிருக்காது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு மத்தியத் தகவல் ஆணையம். வந்த பதிலை நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுத்து அவையில் கேள்வியாக எழுப்பச் சொல்லலாம். ஓட்டுக் கேட்க நம் தெருவுக்கு வந்தவருக்கு அந்தக் கடமை இருக்கிறது.

2018 தொகுதி ஒன்றிலும், 2024 பதில் ஒன்றிலும் கிடைத்த எண்கள் யாரோ சிலர் கேட்டதால் வெளியே வந்தவை. சூரியூர் வளாகத்தைப் பற்றிய எண்களை, அதற்குப் பக்கத்தில் வாழும் நாம்தான் கேட்க வேண்டும். அஞ்சல் ஆணை 10 ரூபாய். அஞ்சல் செலவு தனி. இந்த வாரமே ஓர் ஊரிலிருந்து ஒரு கடிதம் புறப்படட்டும்.